லாரி ஓட்டும் சகோதரர்களுக்கு: படிவம் 1-ஏ பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்



நம் ஆரணியின் அரிசி மூட்டைகளும் பட்டுச் சேலை பார்சல்களும் லாரியிலும் வேனிலும்தான் வெளியூர் போய்ச் சேருகின்றன. அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தால் அவர்களில் பலருக்கு ஒரே கவலை: "எனக்கு சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. டாக்டரிடம் சொன்னால் லைசென்ஸ் போயிடுமே!"

இந்தப் பயத்தால் நோயை மறைக்கிறார்கள். பரிசோதனையே இல்லாமல் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கித் தரும் ஆட்களைத் தேடுகிறார்கள். சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது என்று தெரிந்தால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

சான்று யாருக்கு வேண்டும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்ஸ் கேட்பவரும் அதைப் புதுப்பிப்பவரும் மருத்துவச் சான்று தர வேண்டும். அந்தச் சான்றின் பெயர்தான் படிவம் 1-ஏ. சொந்த வாகனம் மட்டும் ஓட்டுபவராக இருந்தாலும், 40 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கும்போது இது வேண்டும்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். பெட்ரோல், கேஸ் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்களுக்கு 3 ஆண்டு மட்டுமே.

சின்ன வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. போக்குவரத்து வாகனங்களுக்கான கூடுதல் தகுதி நிபந்தனைகள் அதைவிடக் கனமான வண்டிகளை ஓட்டுபவர்களுக்கே பொருந்தும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

படிவத்தில் என்ன இருக்கிறது?

இரண்டு படிவங்கள் உண்டு. படிவம் 1 நாமே எழுதிக் கையெழுத்திடும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா, கை கால் இழப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, வாகனம் ஓட்டுவது மற்றவர்களுக்கு ஆபத்தாகும்படி வேறு நோய் உண்டா என்று அதில் கேட்பார்கள். பாதகமான பதில் எழுதினால் உடனே நிராகரிப்பு என்று பொருளல்ல. அதன் விவரத்தையும் எழுதச் சொல்கிறது படிவம்.

படிவம் 1-ஏ பதிவு பெற்ற மருத்துவர் நம்மைப் பரிசோதித்துத் தருவது. அவர் பார்ப்பவை இவை:

• நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி போட்டுச் சரியாகிறதா?
• சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா? 2020 ஜூனில் வந்த திருத்தத்தின்படி லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் லைசென்ஸ் பெறலாம். கடுமையான நிறக்குருடுதான் தடை.
• ஹாரன் போன்ற சாதாரண ஒலிகள் கேட்கின்றனவா?
• மாலைக்கண் உண்டா?
• கை, கால், மூட்டுகள் வண்டி ஓட்டும் வேலைக்கு ஒத்துழைக்கின்றனவா?

சான்றில் நமது புகைப்படமும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் என்ற பெயரோ, ரத்த அழுத்தம் என்ற பெயரோ இல்லை. கட்டுப்பாட்டில் உள்ள சுகரும் பிரஷரும் இருப்பதனால் மட்டும் லைசென்ஸ் போகாது. கண்ணாடி போடுவதும் குற்றமில்லை. வலிப்பு நோய் மட்டும் வேறு கணக்கு. அது உள்ளவர் ஸ்டியரிங்கை விட்டு விலகி வேறு வேலை பார்ப்பதே அவருக்கும் சாலையில் போகும் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு.

மறைத்தால் யாருக்கு நஷ்டம்?

தன் நோயால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தே ஓட்டினால், சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் குடும்பத்துக்கு வரும் நஷ்டத்தோடு பார்த்தால் அபராதம் சின்னது.

சுகருக்கு ஊசி போடுபவர், அல்லது சில வகை மாத்திரை சாப்பிடுபவர், சாப்பாடு தவறினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், பிறகு நினைவு தப்பும். ராத்திரி ஹைவேயில், பின்னால் லோடு இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னவருக்கு அவர் மருந்தையோ நேரத்தையோ மாற்றிக் கொடுப்பார். மறைத்தவருக்கு அந்த உதவி கிடைக்காது.

லைசென்ஸ் காலாவதியான பிறகு ஓட்டுவதும் அப்படித்தான். முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. சொந்த லாரி ஓட்டுபவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் ஒரு நிபந்தனை. அவர் இறந்துபோனால் மனைவி மக்களுக்கு வர வேண்டிய பணம் அது.

5 ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்

அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டுபவர் அதிகபட்சம் 24 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரஷர் அதிகம் இருந்தால் அதைவிடச் சீக்கிரம் வரச் சொல்வார்கள். நம் சட்டம் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் கேட்கிறது. அதற்குள் கண்ணில் புரை வளரலாம், சர்க்கரை கண்ணின் விழித்திரையைக் கெடுக்கலாம். ஆரம்பத்தில் இதில் வலியும் இருக்காது, பார்வைக் குறையும் தெரியாது. அதனால் நாமாகவே ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கொள்வது நல்லது.

• சுகர், பிரஷர் பரிசோதனை ஆரணி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. டிரிப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் அதை வாங்கி வைக்கலாம்.
• சுகர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உள்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.
• வண்டியில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை வைத்திருங்கள். அறிகுறி தெரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். முழுதும் தெளிந்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.
• தூக்கத்தில் பலமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் தூக்கம் சொக்குவது ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவிதான்.
• ரமலானில் நோன்போடு நெடுந்தூரம் ஓட்டும் சுகர் நோயாளிகள் முன்கூட்டியே மருத்துவரையும் ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள். நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது.

புதுப்பிக்கும்போது

காலாவதி ஆவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். மருத்துவச் சான்றைத் தாளில் கொண்டுவர வேண்டுமா, மருத்துவரே இணையத்தில் ஏற்ற வேண்டுமா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டை அலைச்சல் மிச்சமாகும். உடல் தகுதி இல்லை என்று லைசென்ஸை மறுத்தாலோ ரத்து செய்தாலோ, உத்தரவு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அந்த உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லாரி வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிரைவர் "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் அந்த டிரிப்பை வேறொருவருக்குக் கொடுங்கள், வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். வேலை போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் உண்மையைச் சொல்வார். அந்த வண்டியும் லோடும் மட்டுமல்ல, சாலையில் எதிரே வருபவரின் உயிரும் அவர் கையில் உள்ள அமானிதம்.

வீட்டில் லாரி ஓட்டுபவர் இருந்தால் இன்றே அவருடைய லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கடைசியாக சுகர், பிரஷர் பார்த்தது எப்போது என்றும் கேளுங்கள். வெளியே போகும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.