பட்டறையில் விட்ட வண்டிக்குச் சேதம் நேர்ந்தால்

பிழைப்பின் நிமித்தம் தாயகத்தை விட்டு வந்து வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவரிடையே ஒரு வழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நஷ்டம் நேர்ந்தால் அதை வாய் திறவாமல் சகித்துக்கொண்டு வீடு திரும்புவது என்பதே அது. "வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிடுவார்கள். இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் உண்மையான காரணம் வேறு. உள்ளூர் மொழியில் காய்கறி வாங்கத் தெரிந்த அளவுக்கு நமக்கு வாதாடத் தெரிவதில்லை.

இக்குறை நன்கு வெளிப்படும் இடங்களுள் ஒன்று மோட்டார் பட்டறை. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அலுவலகம் செல்லவும் ஒரே வண்டியை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்முள் பல. பிரேக்கைச் சரி செய்ய விட்ட வண்டி, பிரேக் சரியாகி விளக்கு உடைந்து திரும்பி வந்தால், "அது முன்பே அப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் சட்டம் அவ்வாறு முடித்துவிடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்நிலையை நன்கு எண்ணிப் பார்த்திருக்கிறது. ஒரு காரியத்துக்காக நாம் பிறரிடம் ஒப்படைக்கும் பொருளை, விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல் அவர் காத்தல் வேண்டும் என்று அதன் 151ஆம் பிரிவு கூறுகிறது. 154ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது. ஒப்படைத்த நோக்கத்துக்குப் புறம்பாக அப்பொருளைப் பயன்படுத்தினால், அதனால் நேரும் சேதத்துக்கு ஈடு செய்தே தீர வேண்டும். குறித்த காலத்தில் திருப்பித் தராமல் தம் தவறால் வைத்துக்கொண்டு, அதன்பின் இழப்பு நேர்ந்தால் அதுவும் அவரையே சாரும் என்பது 161ஆம் பிரிவு.

இப்பிரிவுகள் ஏட்டில் மட்டும் இருப்பவை அல்ல என்பதை எங்கள் குடும்பம் நாகபுரியில் நேரில் கண்டறிந்தது. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பட்டறை ஒன்றில் எங்கள் ஸ்கூட்டரைச் சர்வீஸுக்கு விட்டோம். விடும்போது மீட்டர் 18,412 என்று காட்டியது. ஜாப் கார்டிலும் அவ்வெண்ணையே எழுதினார்கள். எங்கள் மூத்த பெண் வண்டியை நாற்புறமும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். மறுநாள் மாலை வண்டியை எடுக்கச் சென்றபோது மீட்டரில் இருந்த எண் 18,439. சர்வீஸ் செய்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது முறையே. அதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். 27 கிலோமீட்டர் ஓடிய அந்த வண்டியின் இடப்புறத்து மூடியில் விரிசல் கண்டிருந்தது. பிரேக் லீவரின் முனை தரையில் உராய்ந்து தேய்ந்திருந்தது. ஹேண்டில் ஒரு புறமாக இழுத்தது.

மேஸ்திரி, "இது பழைய விரிசல், சாஹேப்" என்றார். படங்களைக் காட்டினோம். உடனே அவர் ஜாப் கார்டின் அடியில் எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில் அச்சாகியிருந்த ஒரு வரியைக் காட்டினார். வண்டிகள் 'ஓனர்ஸ் ரிஸ்க்'கில், அதாவது உடையவர் பொறுப்பிலேயே ஏற்கப்படுகின்றன என்பது அதன் பொருள்.

ரயில்வே குமாஸ்தாவிடம் அவ்வாசகத்தைக் காட்டியதுதான் வேடிக்கை. அது எங்கள் இலாகாவில் நாள்தோறும் புழங்கும் சொல். உடையவர் பொறுப்புக் கட்டணம், ரயில்வே பொறுப்புக் கட்டணம் என்று சரக்குக்கு இரு வகை உண்டு. முன்னதில் பொறுப்பு குறைவு, அதற்கேற்பக் கட்டணமும் குறைவு. அப்படி அனுப்பிய சரக்குக்குக்கூட, ரயில்வே ஊழியரின் அசட்டையால் சேதம் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டால் ரயில்வே நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 97ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. கூலியில் ஒரு ரூபாயும் குறைத்துக்கொள்ளாத பட்டறை, பொறுப்பை மட்டும் முழுவதும் குறைத்துக்கொள்ள விரும்புவது எவ்வகை நியாயம்?

உச்ச நீதிமன்றமும் இதைக் குறித்துத் தெளிவாகவே கூறியிருக்கிறது. 1998இல் தில்லியில் உள்ள பெரிய விடுதி ஒன்றில், வண்டியை நிறுத்தி வைக்கும் ஊழியரிடம் சாவியோடு ஒப்படைத்த கார் களவு போயிற்று. அங்கே கொடுத்த சீட்டிலும் உடையவர் பொறுப்பு என்றே அச்சிட்டிருந்தார்கள். தன் அசட்டையால் நேர்ந்த இழப்புக்கு அவ்வாசகத்தைக் காட்டி விடுதி தப்பிவிட இயலாது என்றும், தக்க கவனம் எடுத்துக்கொண்டதாகக் காட்டும் சுமை விடுதியையே சாரும் என்றும் 2019 நவம்பரில் தீர்ப்பாயிற்று. அது விடுதியைப் பற்றிய வழக்கே ஆயினும், சாவியை வாங்கிக்கொண்டு வண்டியைத் தம் வசத்தில் வைத்துக்கொள்ளும் பட்டறைக்கும் அந்நியாயம் பொருந்துவதே.

இவ்விடத்தில் நம்மவர் பலர் ஆத்திரத்தில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. "சேதத்தைச் சரி செய்தால்தான் பணம் கொடுப்போம்" என்று கூறிக் கூலியைத் தராமல் நின்றுவிடுகிறார்கள். இது சரியான வழி அன்று. செய்த வேலைக்குரிய கூலி வரும் வரையில் பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைக்கும் உரிமையை அதே ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவில், தொழிலாளிக்கு வழங்கியிருக்கிறது. வண்டி அங்கேயே கிடக்க, நாம் ஆட்டோவுக்குச் செலவிட்டுக்கொண்டிருக்க நேரும். நாங்கள் சர்வீஸ் கூலி 940 ரூபாயைச் செலுத்தி முறையான ரசீது பெற்றோம். திருப்தியுடன் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கேட்ட தாளில், கண்ட சேதங்களை முதலில் வரிசையாக எழுதி, "ஆட்சேபத்துடன் பணம் செலுத்தப்பட்டது" என்று சேர்த்து, அதன் கீழே கையொப்பமிட்டோம். அத்தாளையும் படம் எடுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தோம். வேறொரு பட்டறையில் பழுதைக் கணக்கிட்டு எழுத்தில் வாங்கினோம். 4,860 ரூபாய் ஆயிற்று. பிறகு உரிமையாளர் பெயருக்கு, 15 நாள் தவணை குறித்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம். கடிதத்தில் வசைச்சொல் ஏதும் இல்லை. இரண்டு மீட்டர் எண்கள், இரண்டு தேதிகள், படங்கள், மதிப்பீடு, இவ்வளவே.

கடிதம் சேர்ந்த மூன்றாம் நாள் மாலை, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் தன் தாயாருடன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து நின்றான். வண்டியை எடுத்துக்கொண்டு நகருக்கு வெளியே தமக்கை வீட்டுக்குச் சென்றவனும், மழைச் சேற்றில் சறுக்கி விழுந்தவனும் அவனே. முழங்கையில் காயம் இன்னும் ஆறவில்லை. முழுத் தொகையையும் அவன் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டாராம். "காகா, மாதம் 500 ரூபாயாக நானே கொடுத்துவிடுகிறேன், வேலை போய்விடக் கூடாது" என்றான். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கொடுத்த தேநீரையும் தொடவில்லை.

இப்படி ஒரு முகம் எதிரே வந்து நின்றவுடன் கோரிக்கையையே கைவிட்டுவிடுவது நம்மவரின் இயல்பு. அல்லது அந்தப் பையனிடமே பணத்தை வாங்கிக்கொண்டு விடுவோம். இரண்டுமே முதலாளிக்குத்தான் லாபம். நாம் வண்டியை ஒப்படைத்தது நிறுவனத்திடம். கூலியைப் பெற்றுக்கொண்டதும் நிறுவனமே. பொறுப்பும் அதனுடையதே. ஆகவே அன்றிரவே இரண்டாவது கடிதம் எழுதினோம். எங்கள் கோரிக்கை நிறுவனத்தின் மீதே அன்றி எந்த ஊழியர் மீதும் அன்று என்றும், ஊழியர் எவரிடமிருந்தும் பணம் பெற்றுக்கொள்ள மாட்டோம் என்றும் அதில் குறிப்பிட்டோம். பதினோராம் நாள் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். வேறு வண்டியிலிருந்து கழற்றிய மூடியைப் பொருத்தித் தருவதாக முதலில் சொன்னார். நாங்கள் இசையவில்லை. முடிவில் புது மூடியும் புது லீவரும் பொருத்தி, ஹேண்டிலை நேராக்கி, அவ்வேலைகளைக் குறிப்பிட்டு, 'தொகை இல்லை' என்று எழுதிய ரசீதுடன் வண்டி வந்து சேர்ந்தது. அந்தப் பையனை இன்றும் அப்பட்டறையில் காண்கிறோம்.

உரிமையாளர் அசையாதிருந்தால் என்ன செய்வது என்பதையும் கூறிவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தமிழிலேயே முறையிடலாம் என்பது நம் போன்றோர்க்குப் பெரிய வசதி. அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டுமெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். செலுத்திய கூலி 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சேதம் நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேலும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. இலவசமாகச் செய்து கொடுத்த வேலை இச்சட்டத்தின் கீழ் வராது. எனவே ரசீது இல்லாமல் பணம் கொடுப்பவர், பிறகு பணம் கொடுத்ததையே மெய்ப்பிக்க அல்லற்பட நேரும். இவ்வூர்க் கடைகளில் துண்டுத் தாளில் கணக்கெழுதிக் கொடுப்பார்கள். அதை மறுத்து 'பக்கா பில்' கேட்டு வாங்க வேண்டும்.

மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் அறிய வேண்டிய விஷயம் ஒன்று. முன்பிருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எதிர்த்தரப்பார் இருக்கும் ஊரில் அல்லது சம்பவம் நடந்த ஊரிலேயே மனுச் செய்ய வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபின், மனுதாரர் வசிக்கும் ஊரிலும் வேலை பார்க்கும் ஊரிலும் மனுச் செய்யலாம் என்றாயிற்று. நாகபுரியில் சேதமான வண்டிக்குப் பிலாஸ்பூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வழக்காட இப்போது தடையில்லை.

இன்ஷூரன்ஸில் கேட்டுப் பெறலாமே என்பார்கள் சிலர். சிறு சேதத்துக்கு அது உகந்ததன்று. ஐந்து ஆண்டுகள் ஒன்றும் கோராதிருந்தால் சேதப் பகுதிக்குரிய பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் சலுகை, பிறர் செய்த சேதத்துக்காக நம் கையைவிட்டுப் போய்விடும். பட்டறைக்காரர் ஓட்டி வழிப்போக்கர் மீது மோதிவிட்டால் மட்டும் நிலைமை வேறு. வண்டி பட்டறையின் வசத்தில் இருந்தபோதிலும், அடிபட்டவருக்கு வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈடு செய்ய வேண்டும் என்று கோவா வழக்கொன்றில் 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பட்டறைக்கு விடுமுன் பாலிசி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

நாங்கள் அனுப்பிய இரு கடிதங்களின் நகலும், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும், நமது சங்கத்தின் வாசகசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. தேவைப்படும் அன்பர்கள் பெயரையும் எண்களையும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டபடியால், இனி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தவும்.