அரைமணி நேர வீரனின் அப்டேட் கணக்கு

2024 ஓகஸ்ட் 28, புதன்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்கே அலாரம் வைத்து எழுந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கலஹா வீதியில் ஹிந்தகலைப் பக்கம் எங்கள் வீடு. போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தால் சிக்னல் மூன்று கோடு. இரண்டடி தள்ளி மேசையில் வைத்தால் ஒன்று. கண்டியில் இணையம் என்பது எந்தக் கம்பனி என்பதைவிட, ஹந்தானை மலை உங்களுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கேமில் முடிக்காமல் கிடந்த ஒரு வேலை இருந்தது. காலை 6 மணி முதல் 11 மணி வரை அப்டேட், யாரும் உள்ளே வர முடியாது என்று அறிவித்திருந்தார்கள். ஆறு மணிக்குள் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மூன்றரைக்கு ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. அந்த 6 மணி சீனத்து 6 மணி. நமக்கு அது மூன்றரை.

கொழும்பு வீதிக் கடையொன்றில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கோட்டைவிட்டேன் என்று சொல்ல வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். அப்டேட் பற்றிய பேச்செல்லாம் நாள் முழுக்க விளையாடுகிறவர்களின் பேச்சாகவே இருக்கிறது. கடை மூடி, பஸ் பிடித்து, சாப்பிட்டு முடித்து, இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் விளையாடுகிறவனுக்கு அதில் எது உதவும், எது உதவாது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கேமின் பெயர் ஜென்ஷின் இம்பாக்ட். ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2020 செப்டெம்பர் 28இல் வெளியிட்டது. நாம் ஒரு பயணியாக வேடமேற்று, கற்பனை உலகமொன்றில் நாடு நாடாகச் சுற்றுவோம். நான்கு பேர் கொண்ட அணி, சண்டை, புதையல், முடிவே தெரியாத நீண்ட கதை. விளையாட ஒரு சதமும் கட்ட வேண்டாம். உள்ளே போன பிறகு எங்கே பை திறக்கிறது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

இங்கே அப்டேட் என்றால் பிழை திருத்துவது மட்டுமல்ல. ஆறு வாரத்துக்கு ஒரு முறை, வழக்கமாகப் புதன்கிழமைகளில், சஞ்சிகையின் புது இதழ் மாதிரி வரும். இதழ் எண்தான் வெர்ஷன். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் கூடினால் புது ஆட்கள், புது நிகழ்வுகள். புள்ளிக்கு முன்னால் உள்ள எண் மாறினால் புது நாடே திறக்கும். 2022 ஓகஸ்டில் 3.0 சுமேருவைத் திறந்தது. 2023 ஓகஸ்டில் 4.0 ஃபொன்டெய்ன், என்னை வெளியே தூக்கிப் போட்ட அன்று வந்தது 5.0, நட்லான். 2025 செப்டெம்பரில் 6.0 வந்தது.

எனக்கு மிகவும் உதவிய மாற்றம் 5.0இல் வந்ததல்ல. அதற்கு முந்திய ஜூனில், 4.7இல் மாறிய ஒரே ஓர் எண். ரெசினின் உச்ச அளவு 160இலிருந்து 200 ஆனது.

ரெசின் என்றால் பிசின். கேமில் அது அனுமதிச் சீட்டு மாதிரி. ஆட்களைப் பலப்படுத்தும் பொருட்களை எடுக்க ரெசின் கொடுக்க வேண்டும். நல்ல சாமான் கிடைக்கும் இடங்களில் ஒரு முறைக்கு 20. செலவழித்தது எட்டு நிமிடத்துக்கு ஒன்று வீதம் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தானாக ஊறும். நிரம்பியதும் ஊற்று நின்றுவிடும். பிரச்சினை அங்கேதான். 160 நிரம்ப 21 மணி 20 நிமிடம். இரவு ஒன்பதுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் மாலை 6.20க்கு நிரம்பிவிடும். அந்த நேரம் நான் கலஹா பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பேன். ஒன்பதுக்குத் திறக்கும்போது இரண்டு மணி நாற்பது நிமிடத்து ஊற்று வீண். அதாவது 20 ரெசின், ஒரு முறைக்குரியது. தினமும் ஒன்று என்றால் ஆறு வாரத்தில் 42 முறை. 200 நிரம்ப 26 மணி 40 நிமிடம் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் உட்காருகிறவனுக்கு ஒரு சொட்டும் சிந்தாது. விருந்தாளி வந்து பதினொன்றரை ஆனாலும் நட்டமில்லை. வேலைக்குப் போகிறவனை மனத்தில் வைத்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2020இல் கேம் வந்த புதிதில் அளவு 120தான், பதினாறு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அப்போது தொடங்கியிருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன்.

கரண்ட் போனாலும் ரெசின் ஊறும் என்பது ஒரு சின்ன ஆறுதல். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டுத்தான் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்று அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கும் ஊறியது. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். ஓட்டைக் கழற்றி எறியும் குரங்குகளோடு குடியிருக்கிற கண்டிக்காரருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி, பை திறக்கிற இடம். புது ஆட்களைக் கடையில் விலை போட்டு விற்பதில்லை. குலுக்கலில் இழுக்க வேண்டும். பிள்ளைகள் ‘புல்’ என்கிறார்கள். ஒரு புல்லுக்கு 160 பிரிமோஜெம்; கேமுக்குள் செல்லும் காசு அது. ஐந்து நட்சத்திர ஆள் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம் என்று கேமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஆறு. அந்த வீதத்தில் எழுபது தடவை இழுத்தாலும் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஒன்றும் விழாது. தொண்ணூறாவது தடவை கட்டாயம் விழும். அதற்குப் பெயர் ‘பிட்டி’, இரக்கம். எழுபத்தைந்தை நெருங்கும்போதே வாய்ப்பு ஏறத் தொடங்குகிறது என்பது விளையாடுகிறவர்கள் எண்ணி எண்ணிக் கண்டது. விழுகிறவர் நாம் ஆசைப்பட்ட ஆள்தானா என்பது இன்னொரு சீட்டு. அது பாதிக்குப் பாதி. தோற்றால் பழைய ஆட்களில் ஒருவர் வந்து நிற்பார்; ஆனால் அடுத்த ஐந்து நட்சத்திரம் கட்டாயம் நாம் கேட்ட ஆள்தான்.

5.0 கை வைத்தது இந்த இரண்டாவது சீட்டில். நூற்றுக்கு ஐம்பது என்றிருந்தது, மொத்தத்தில் ஐம்பத்தைந்து ஆனது. எந்தக் கட்டத்தில் அந்தச் சலுகை கைகொடுக்கும் என்பதை நிறுவனம் விளக்கிச் சொல்லவில்லை. அக்கா மகன் அன்று மாலையே வந்துவிட்டான்.

“மாமா, இனிமே பிஃப்டி-பிஃப்டில தோக்க மாட்டீங்க. சேத்து வச்சத இழுங்க.”

“நீ எத்தன வாட்டிடா தோத்த?”

“நாலுல மூணு.”

நான் இழுக்கவில்லை. ஐந்து சதவீதம் கூடியதை இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மோசமான அதிர்ஷ்டக்காரருக்கு இருந்த எல்லை அப்படியேதான் இருக்கிறது. முதல் தொண்ணூறில் வேறு ஆள், அடுத்த தொண்ணூறில் கேட்ட ஆள். 180 புல்லுக்கு 28,800 பிரிமோஜெம். காசு கொடுத்து வாங்கினால் பெரிய பொதி 99.99 டொலர், 8,080 கிடைக்கும். அந்த விலை வீதத்தில் 28,800க்கு ஏறத்தாழ 356 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 106,800 ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. எங்கள் வீதியின் மறுமுனையில், கலஹாவிலும் தெல்தோட்டையிலும் கொழுந்து பறிக்கிற ஒருவர் அந்தச் சம்பளத்தில் இந்தத் தொகைக்கு 79 நாள் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிடைப்பது ஒரு பொம்மை. அதுவும் கேம் மூடினால் போய்விடும்.

காசில்லாமல் ஆள் சேர்க்க முடியாதா என்றால், முடியும், மெதுவாக. தினமும் நான்கு சின்ன வேலை முடித்தால் 60 பிரிமோஜெம். 42 நாளில் 2,520. பதினைந்து புல்லும் சொச்சமும். அப்டேட் நாளில் மூடி வைத்ததற்கும் பிழைகளுக்கும் இழப்பீடாக வழக்கமாக 600 தருவார்கள். இடையில் வரும் நிகழ்வுகளில் இன்னும் சேரும். வருகிறவர் எல்லாரையும் ஆசைப்படாமல் ஒருவரை மனத்தில் குறித்துவைத்துச் சில வெர்ஷன் சேமித்தால் கிடைத்துவிடும். காசு போட்டே தீருவேன் என்கிறவருக்கு மாதச் சீட்டு இருக்கிறது: 4.99 டொலர், கையோடு 300, பிறகு முப்பது நாளைக்குத் தினமும் 90. அதுதான் கொஞ்சமாவது நியாயமான வியாபாரம். ஒரு நாள் உள்ளே போகாவிட்டால் அன்றைய 90 போனது போனதுதான்.

நட்லானுக்கு வருவோம். நெருப்பின் நாடு, ஆறு குலங்கள். இங்கே நான் கைதட்டுவது பெரும் பல்லி மாதிரியான சோரியன் என்ற விலங்குகளுக்கு. நாம் அவற்றின் உருவத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒன்று மண்ணுக்குள் புகுந்து பாறையில் ஏறும். ஒன்று தண்ணீரில் சீறிப் போகும். ஒன்று நாக்கை நீட்டித் தொற்றித் தாவும். முன்பெல்லாம் ஒரு செங்குத்துப் பாறையில் ஏறப் பாதி வழியில் மூச்சு தீர்ந்து விழுந்து, மறுபடி ஏறி, அதற்குள் எனக்குரிய அரைமணியில் கால்வாசி போய்விடும். நட்லானில் ஒரு புதையல் எடுக்க வேண்டிய நேரத்தில் மூன்று எடுத்தேன்.

புதிதாக வருகிறவர்கள் பழைய நாடுகளின் கதையை முடிக்காமலே நட்லானுக்குத் தாவவும் வழி திறந்தார்கள். நண்பரோடு சேர்ந்து விளையாட வருகிறவருக்கு நல்லது. கதைக்காக வருகிறவர் தாவ வேண்டாம்; மெகா தொடரை நடுவில் பார்க்க உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் ‘இது யார், அது யார்’ என்று கேட்கிற கதையாகிவிடும்.

ஒரு குறை, பெரிய குறை. நட்லானின் ஆட்கள் ஹவாய், மாயா, மேற்கு ஆபிரிக்க யொரூபா மரபுகளிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். முகங்களோ பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. 2024 ஜூலையில் ஆட்களின் படம் வந்ததுமே உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சுமேருவுக்கும் இதே குற்றச்சாட்டு இருந்தது. மேரு மலையின் பெயரை எடுத்தார்கள், ஆரண்யத்தின் பெயரைக் காட்டுவாசிகளுக்கு வைத்தார்கள், இசையில் சிதாரும் புல்லாங்குழலும் கேட்டன. நம்மைப் போல ஒரு முகம் மட்டும் தேடினால் அபூர்வம். வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரத்தைப் பார்த்துப் பழகிய ஊரில் இதைப் பெரிதுபடுத்துகிறோமா என்று கேட்பவர்கள் உண்டு. பழகிவிட்டது என்பதால்தான் பெரிதுபடுத்த வேண்டியிருக்கிறது.

ஆட்களுக்கு அணிவிக்கும் ஐந்து ஆபரணங்களிலும் எந்தப் பலம் இருக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். 5.0இல் வேண்டிய பலத்தை நாமே குறித்து ஒன்றைச் செய்துகொள்ள ஒரு மருந்து வந்தது. நல்ல யோசனை. கிடைப்பதோ கோயில் தீர்த்தம் மாதிரி, உள்ளங்கை நனையும் அளவு.

கேமில் பதினைந்து மொழிகளில் எழுத்து இருக்கிறது. தாய், வியட்நாம், இந்தோனேசிய மொழிகள் உண்டு. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. கதை நீளமாகப் பேசும் நாட்களில் எனக்கு அது ஆங்கில வகுப்பு. குரல்களில் ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். முடித்த கதைகளின் கோப்புகளையும் அமைப்புகளுக்குள் போய் அழிக்கலாம். என் போனில் அப்படித்தான் நட்லானுக்கு இடம் கிடைத்தது. அழிப்பதற்கு முன் கல்யாண வீட்டு வீடியோக்களைத்தான் பலி கொடுக்கப் பார்த்தேன், வீட்டில் விடவில்லை.

பல ஜீபீ இறங்க வேண்டியிருக்கும் என்பதால், பகல் டேட்டாவைத் தொடாதீர்கள். அப்டேட்டுக்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை எட்டரை மணியிலிருந்து முன்கூட்டியே இறக்கிக்கொள்ள விடுகிறார்கள். திங்கள், செவ்வாய் என்று இரண்டு இரவு இருக்கிறது. இரவு டேட்டா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு தட்டிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு, சிக்னல் வரும் ஜன்னலில் வைத்துவிட்டுப் படுக்கலாம். புதன்கிழமை நம் நேரம் விடியற்காலை மூன்றரைக்கு மூடுவார்கள், எட்டரைக்குத் திறப்பார்கள். இழப்பீட்டுப் பிரிமோஜெம் கேமுக்குள் உள்ள மெயிலில் வந்து பல நாள் கிடக்கும். முதலில் ஓடியவருக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடையாது. அன்றைக்கு அலாரம் வைக்காதீர்கள்.