கூரைக்கு வெளியே – 9: இஸ்திரி போடுவீர்களா, புல் வெட்டுவீர்களா?

வேலை செய்ய முடியாத ஏழைகளுக்கு அமெரிக்க அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை என்ன, அதற்கு 1989-லிருந்து அசையாமல் நிற்கும் 2,000 டாலர் சொத்து வரம்பு என்ன என்பதெல்லாம் பார்த்தாயிற்று. மறுபடி சொல்லப் போவதில்லை.

ஷெல்டர்வாசிகளுக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் ஆறு மாதக் கெடுவைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு படிவம் கையில் சிக்கிவிட்டது. படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் எஸ்.எஸ்.ஏ. 3373. உடலாலோ மனதாலோ வேலை செய்ய முடியவில்லை என்று விண்ணப்பிக்கிறவரிடம், அன்றாடப் பொழுது எப்படிப் போகிறது என்று விசாரிக்கும் படிவம். எங்கே வசிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ‘ஷெல்டர்’ என்றும் ஒரு கட்டம் உண்டு. அதைத் தாண்டினால் கேள்விகள் வேறு உலகத்துக்குப் போய்விடுகின்றன. நீங்களே சமைத்துக்கொள்கிறீர்களா? இல்லையென்றால் ஏன்? வளர்ப்புப் பிராணிகளைக் கவனிக்கிறீர்களா? வீட்டுக்குள்ளும் வெளியிலும் என்னென்ன வேலை செய்ய முடிகிறது? உதாரணங்களையும் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள்: பெருக்கித் துடைப்பது, துணி துவைப்பது, ரிப்பேர் பார்ப்பது, இஸ்திரி போடுவது, புல் வெட்டுவது.

பாலத்தடியில் படுத்திருப்பவர் இதில் என்ன எழுதுவார்? சமைப்பதில்லை, ஏனென்றால் அடுப்பில்லை. உண்மைதான். ஆனால் அடுப்பும் வீடும் இருந்த காலத்திலேயே, காதில் கேட்கும் குரல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு பாத்திரத்தைத் தீயவிட்டவர் அவர் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் வராது. அதிகாரி பார்ப்பது வீடில்லாத ஒருவரை, நோயாளியை அல்ல. வீடில்லை என்பதற்காக எஸ்.எஸ்.ஐ. கிடைக்காது. குறைந்தது 12 மாதம் நீடிக்கக்கூடிய, அல்லது உயிரையே பறிக்கக்கூடிய நோய், அதனால் பிழைப்புக்கு வேலை செய்ய முடியாத நிலை, இரண்டுக்கும் மருத்துவச் சான்று எல்லாம் வேண்டும். சான்றோ ஊர் ஊராக எமர்ஜென்சி வார்டுகளில் சிதறிக் கிடக்கும். பரிசோதனைக்கு வரச்சொல்லும் கடிதம் என்றோ விட்டுவந்த விலாசத்துக்குப் போகும். அவர் வரவில்லை என்று கோப்பு மூடப்படும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘சோர்’ திட்டம். பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 1993-ல் செய்து பார்த்த வேலையிலிருந்து பாடம் கற்று, 2005-லிருந்து நாடு முழுவதும் பரவியது. வீடில்லாதவர், வீட்டை இழக்கும் விளிம்பில் இருப்பவர், அதோடு கடுமையான மனநோயோ உடல்நோயோ உள்ளவர் இந்த உதவிக்குத் தகுதியானவர். போதைப் பழக்கமும் சேர்ந்திருந்தால் தடையில்லை. ஆனால் போதை ஒன்றே காரணமென்றால் எஸ்.எஸ்.ஐ. கிடையாது, 1996-ல் வந்த சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. எத்தனையோ பேருக்கு நோய் முதலில் வந்ததா, குடி முதலில் வந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அந்தச் சட்டம் கொடுமையானது என்றே நான் நினைக்கிறேன்.

பயிற்சி பெற்ற கேஸ் வொர்க்கர் ஒருவர் 1696 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி, விண்ணப்பதாரரின் பிரதிநிதி ஆகிறார். அதன்பின் கடிதங்கள் அவருக்கும் வரும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஆவணம் கேட்டு எழுதுகிறார். பிறகு ‘மெடிக்கல் சம்மரி ரிப்போர்ட்’ எழுத உட்காருகிறார். இதுதான் மொத்த வேலைக்கும் உயிர். புரிந்துகொள்வது, பிறரோடு பழகுவது, கவனம் சிதறாமல் வேலை செய்வது, தன்னைப் பார்த்துக்கொள்வது என்று நான்கு தலைப்பில் அந்த மனிதரின் பொழுது அதில் பதிவாகும். ‘பிறரோடு ஒத்துப்போக மாட்டார்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பவர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துத் தட்டை வாங்காமலே வெளியேறிவிடுகிறார், வாரத்தில் பாதி நாள் பட்டினி என்று எழுத வேண்டும். டாக்டரோ சைக்காலஜிஸ்ட்டோ கூடவே கையெழுத்திட்டால் அது மருத்துவச் சான்றாகவே எடைபோடப்படும்.

துணையில்லாமல் விண்ணப்பிக்கும் வீடற்றவர்களில் முதல் சுற்றில் தேறுவது நூற்றுக்கு 10 முதல் 15 பேர் என்று திட்டத்தார் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் கூட இருந்து எழுதியவற்றில் 60-க்கு மேல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ‘பழைய வேலை முடியாது, வேறு வேலை செய்யலாமே’ என்று மறுப்பதற்குச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் புரட்டும் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-ல். கொட்டைப் பருப்பு தரம் பிரிக்கிறவர் அதில் ஒரு தொழில்! அந்த வேலைக்குப் போகலாம் என்று சொல்லியே மனுக்களைத் தள்ளியிருக்கிறார்கள். 2024 ஜூனில்தான் அதுபோன்ற 114 தொழில்களை ஒதுக்கினார்கள். அதற்கு முன் தள்ளப்பட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆறு மாதக் கெடு அடுத்த வாரம். பொது ஷெல்டரில் மாதம் முழுக்கத் தங்குகிறவருக்கு எந்த ஒன்பது மாதத்திலும் ஆறு மாதத்துக்குத்தான் எஸ்.எஸ்.ஐ. மீதி மூன்று மாதம் அவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)