நெட் இழுக்குதா? புதுப் பெட்டி வாங்குமுன் இதைப் பாருங்க!



எங்கள் ஊர்ப் பக்கமும் இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் இன்டர்நெட் வந்து கொண்டிருக்கிறது. முந்திரிக்கொட்டை விலை பார்ப்பது, பிள்ளைகளின் நீட் பயிற்சி, வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர் முகம் பார்ப்பது எல்லாம் அதில்தான். ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல். "வாசல்ல நல்லா வருதுக்கா, அடுப்படிக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்கு!" கம்பெனிக்குப் போன் போட்டால், "லைன் சரியா இருக்கு மேடம்" என்கிறார்கள். கடைக்காரரோ, "மெஷ் ரூட்டர் போட்டுடுங்க" என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்.

யார் சொல்வது சரி என்று நாமே கண்டுபிடிக்கலாம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் லேப்டாப்பை வயர் மூலம் சொருகி வேகம் பாருங்கள். லேப்டாப் இல்லையென்றால், போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு நாலடி தள்ளி நின்று பாருங்கள். அங்கேயே குறைவாக வந்தால் கோளாறு பெரும்பாலும் லைனில்தான். எத்தனை மெஷ் வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. காலை, மதியம், ராத்திரி ஒன்பது மணி என மூன்று வேளையும் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் கம்பெனியில் பேசினால் பேச்சு எடுபடும். பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால், இழை எங்கேயோ அறுந்திருக்கிறது, இல்லை மடங்கியிருக்கிறது. அது கரண்டு வயர் மாதிரி இல்லை, உள்ளே இருப்பது கண்ணாடி. வீடு துடைக்கும்போது மடக்கிவிடாதீர்கள்.

பெட்டி பக்கத்தில் நன்றாக வந்து, உள்ளே போகப் போகக் குறைந்தால் கோளாறு வீட்டில். நம்மூர் வீடுகள் திண்ணை, கூடம், அறை, அடுப்படி, கொல்லை என்று ரயில் மாதிரி நீளம் அல்லவா? வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 அலை தூரம் போகும், வேகம் கம்மி. (வைஃபை பெயரில் '5ஜி' என்று இருப்பது இந்த அலையைத்தான், செல்போன் 5ஜியை அல்ல.) இரும்பு பீரோ, பிரிட்ஜ், தண்ணீர் டிரம் எல்லாம் அலையை மறிக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது வீடியோ நிற்கிறதா? அதுவும் 2.4 பக்கத்தில்தான் வேலை செய்கிறது. டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைத்த பெட்டியை ஆளுயரத்தில் திறந்த இடத்தில் மாட்டினாலே சில வீடுகளில் செலவில்லாமல் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் அதற்கும் கடைசி அறைக்கு வரவில்லை. என் மகள் பிளஸ் டூ. மூன்று மணி நேர மாதிரித் தேர்வு பாதியில் அறுந்து, "நான் எங்கம்மா போய் எழுதுறது?" என்று கண் கலங்கிவிட்டாள். அதனால்தான் இரண்டு பெட்டி உள்ள மெஷ் வாங்கினோம். பொருத்த வந்த பையன் இரண்டாவதை அந்தக் கடைசி அறையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். வேகம் ஏறவே இல்லை. யோசித்துப் பார்த்தால் சங்கதி எளிது. முதல் பெட்டியின் அலையை வாங்கித்தானே இரண்டாவது அனுப்பும்? வாங்கவே அலை இல்லாத இடத்தில் அது எதை அனுப்பும்? கூடத்துக் கதவோரம், பாதி வழியில், நானே தூக்கி வைத்தேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது.

வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு பெட்டிக்கும் நடுவே வயர் இழுத்துவிட்டால் அந்தக் குறையும் இல்லை. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் போன் அந்தப் பழையதையே பிடித்துத் தொங்கும்.

கரண்ட் போகிற ஊர் நம்முடையது. ஃபைபர் பெட்டி, மெஷ் பெட்டி இரண்டு, மூன்றையுமே இன்வர்ட்டர் பிளக்கில் போடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் உள்ளறையில் நெட் நின்றுவிடும்.

– ஓர் இல்லத்தரசி, வரதராஜன்பேட்டை