கடிகாரம் சொன்னதும் களம் சொன்னதும்

2022 ஏப்ரல் 28. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகர மேடையில் ஒவ்வொரு பெயராக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். தம் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களில் ஒருவர், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கைல் ஹாமில்டன். வயது 21. முதல் ஐந்து பெயர்களுக்குள் அவர் வந்துவிடுவார் என்று பல மாதங்களாகப் பத்திரிகைகள் எழுதிவந்தன. ஐந்து போயிற்று, பத்தும் போயிற்று. பதின்மூன்று பேருக்கு வேலை கிடைத்த பிறகே அவர் பெயர் வந்தது.

கெட்டிக்காரர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவர் ஏன் பின்தங்கினார்? பாதி விடை ஒரு கடிகாரத்தில் இருக்கிறது.

கடைசி வரப்பு

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் 100 கெஜ மைதானத்தில் எதிரியின் எல்லையைத் தொடவேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். தடுக்கும் அணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவருக்கு ‘சேஃப்டி’ என்று பெயர். வயலுக்குக் கடைசி வரப்பு மாதிரி அவர். அவரையும் தாண்டிவிட்டால் தடுக்க ஆளில்லை.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணையும் தோளையும் பார்த்தே, பந்து எங்கே போகும் என்று சேஃப்டி கணித்தாக வேண்டும். முன்னே ஓடிவந்து முரடனை மடக்கவும் வேண்டும். பின்னே ஓடிப் பந்தைப் பறிக்கவும் வேண்டும்.

ஆள் எடுக்கும் முறை

கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. முதல் டிராஃப்ட் 1936-இல் நடந்தது. அதில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் கால் வைக்கவே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்திய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. 2022-இல் எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 262 பேர். கல்லூரியில் ஆடி, தகுதி பெற்று நிற்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. தேறியவருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. பரீட்சை எழுதித் தேறிய குமாஸ்தா, போஸ்டிங் ஆர்டரில் என்ன ஊர் போட்டிருக்கிறதோ அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுபோலத்தான்.

இடத்தைப் பொறுத்தே சம்பளம். 2011 முதல் புதியவர்களின் ஊதியம், எடுக்கப்பட்ட வரிசைப்படி ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது. 14-ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட ஹாமில்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர். ஐந்தாம் இடத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு.

விநாடிக் கணக்கு

ஹாமில்டன் பிறந்தது கிரேக்க நாட்டின் கிரீட் தீவில். தந்தை அங்கே கூடைப்பந்து ஆடிப் பிழைத்த அமெரிக்கர். தாயார் கொரியப் பெண்மணி. மகன் வளர்ந்தது அட்லாண்டாவில். உயரம் 6 அடி 4 அங்குலம். எடை சுமார் 100 கிலோ. சேஃப்டி இடத்தில் ஆடுபவருக்கு இது அபூர்வமான உடற்கட்டு.

2021 செப்டம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டத்தில், மைதானத்தின் ஒரு பக்கம் நின்றவர் மறு பக்கக் கோட்டருகே விழவிருந்த பந்தைப் பாய்ந்து பறித்தார். அவ்வளவு தூரத்தை எப்படிக் கடந்தார் என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். அடுத்த மாதமே முழங்காலில் அடிபட்டது. கல்லூரி ஆட்டம் அதோடு முடிந்தது.

பிறகு வந்தது சோதனை. 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் ஆண்டுதோறும் மாணவர்களை நிறுத்தி அளக்கிறார்கள். உயரம், எடை, தாண்டும் தூரம், பழைய காயங்கள் எல்லாம் பதிவாகும். எல்லாவற்றிலும் பெரிய பேச்சு 40 கெஜ ஓட்டம். ஹாமில்டன் எடுத்துக்கொண்ட நேரம் 4.59 விநாடி. பிற்பாடு கல்லூரி மைதானத்தில் ஓடியபோது நேரம் இன்னும் கூடியதாகச் செய்தி வந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சேஃப்டி லூயிஸ் சீன் அதே தூரத்தை 4.37 விநாடியில் கடந்திருந்தார். வித்தியாசம் கால் விநாடிகூட இல்லை. ஆனாலும் ‘ஹாமில்டன் மெதுவாக ஓடுகிறார்’ என்ற பேச்சு பரவிவிட்டது.

விடையின் மறுபாதி, அவர் ஆடிய இடம். பந்தை எறிபவருக்கும், அவரை விரட்டிப் பிடிப்பவருக்கும் அணிகள் கொட்டிக் கொடுக்கும். சேஃப்டிக்கு அந்த மதிப்பில்லை. 1991-இல் எரிக் டர்னர் இரண்டாவதாக எடுக்கப்பட்டதே நவீன கால டிராஃப்டில் சேஃப்டி ஒருவர் எட்டிய மிக உயர்ந்த இடம். 2023, 2024 ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு சேஃப்டிகூட எடுக்கப்படவில்லை.

இரண்டு வழிகள்

அன்றிரவு மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு 12-ஆம் முறை வந்தபோது ஹாமில்டன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். அந்த அணி தன் முறையை டெட்ராய்ட் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, 32-ஆம் இடத்துக்கு இறங்கி லூயிஸ் சீனை எடுத்தது. அவரும் சாதாரண ஆள் அல்லர். அந்த ஆண்டு தேசியக் கல்லூரிப் பட்டத்தை ஜார்ஜியா வென்ற இறுதி ஆட்டத்தில் சிறந்த தற்காப்பு வீரர் என்று பரிசு பெற்றவர்.

அவர் கதை பரிதாபமானது. 2022 அக்டோபர் 2 அன்று லண்டனில் நடந்த ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் அங்கேயே நடந்தது. களம் திரும்பியும் நிலையான இடம் கிடைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அந்த அணி அவரை விடுவித்துவிட்டது. 4.37 விநாடியில் ஓடிய காலுக்கு என்ன நேரும் என்று எந்தக் கடிகாரமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஹாமில்டனை 14-ஆவதாக எடுத்தது பால்டிமோர் ரேவன்ஸ். ஒரு மாதம் முன்புதான் வேறொரு சேஃப்டிக்குப் பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்த அணி அது. ஆள் தேவை என்று எடுக்கவில்லை. இப்படிப்பட்டவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டாரே என்று எடுத்தது. 2023-இல் நாட்டின் தலைசிறந்த அணிப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 2025 ஆகஸ்டில் மேலும் நான்கு ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம். ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் என்ற அளவை எட்டிய முதல் சேஃப்டி அவர்தான்.

இது ஒரே ஓர் ஆளின் அதிர்ஷ்டம் என்று தள்ளவும் முடியாது. அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் 4.58 விநாடியில் ஓடி, 2023-இல் 45-ஆம் இடத்துக்கு இறங்கினார். மறு ஆண்டே டெட்ராய்ட் அணியில் ஆடி, நட்சத்திர ஆட்டக்காரர் வரிசைக்கு வந்துவிட்டார்.

கடிகாரம் பொய் சொல்வதில்லை. அது காலின் வேகத்தைத்தான் அளக்கிறது. பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று தெரிந்துகொள்பவருக்கு, அந்தக் கால் விநாடி முன்பணமாகவே கிடைத்துவிடுகிறது. அதை இண்டியானாபோலிஸில் அளப்பதற்குக் கருவியில்லை. ஆடிய ஆட்டங்களை உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவர்களுக்கே அது தெரிகிறது. 2025 டிராஃப்டில் 27-ஆம் முறை வந்தபோது பால்டிமோர் மறுபடியும் ஒரு சேஃப்டியையே எடுத்தது. ஜார்ஜியாவின் மலாக்கி ஸ்டார்க்ஸ் என்பவரை. ஒருமுறை கண்ட லாபத்தை அந்த அணி மறக்கவில்லை.