மனநலச் செவிலியம்: ஓசூர் ரோட்டில் நான் கற்ற பாடம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது ஆளாளுக்கு ரோபோ, மின்சாரக் கார், சோலார் என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் "மனநலச் செவிலியம்" என்றதும் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு நர்ஸ் வேலை எதுக்குடா என்றார்கள். நியாயமான கேள்விதான் நண்பர்களே! பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டியதெல்லாம் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவர் கேன்டீன் சாப்பாட்டைத் தொட மறுத்தார். அதில் விஷம் வைத்திருக்கிறார்களாம். பிரஸ் ஓடும் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர் தன்னைத் திட்டுகிறார்கள் என்றார். பிறகு வீட்டிலும் அந்தக் குரல்கள் கேட்டன. அவ்வா மந்திரித்த கயிறு கட்டினார். அம்மா அழுதார். நான் வாதாடினேன். அவர் தட்டுச் சோற்றை எடுத்து அவர் எதிரிலேயே தின்று காட்டி, "பாருங்க மாமா, எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். அன்றிலிருந்து என்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார்.

கடைசியில் பெங்களூர் நிம்ஹான்ஸ். வீட்டில் ஃபாரம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு தாண்டினால் வந்துவிடும். அது இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு! மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையையும், 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தையும் இணைத்து 1974-இல் உருவானது நிம்ஹான்ஸ். நர்சிங் முடித்தவர்கள் அங்கே மனநலச் செவிலியத்தில் ஓராண்டு டிப்ளமோ படிக்கிறார்கள். ஆமாம், நம்மைப் போல டிப்ளமோதான்.

மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வந்த நர்ஸ் எதிரில் நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். கன்னடத்தில் பெயர் கேட்டார். பதில் இல்லை. நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு என்று தெரிந்ததும் தெலுங்குக்கு மாறினார். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவரே சொல்லட்டும் என்று அர்த்தம். ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மாமா மெதுவாகக் குரல்களைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மா "அதெல்லாம் இல்லை" என்று சொல்லவில்லை. "ஆமாம், கேட்கிறது" என்றும் சொல்லவில்லை. தனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை என்றும், ஆனால் அவருக்குக் கேட்கிறது, அதனால் பயமாக இருக்கிறது என்பது தெரிகிறது என்றும் சொன்னார். பல நாளைக்குப் பிறகு மாமா ஒரு மனுஷரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இதுதான் அந்தத் துறையின் முதல் பாடம். மனச்சிதைவு நோயில் கேட்கும் குரல், கேட்பவருக்கு நிஜமான குரலே. ஆதாரம் காட்டி மறுத்தால் நம்பிக்கை இறுகும்; ஆமாம் என்று தலையாட்டினால் நோய்க்கு நாமே சாட்சி சொன்னதாகும். ஆகவே நம்பிக்கையை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்கிறார்கள். ஒத்துணர்வு என்பது இதுதான். "ஐயோ பாவம்" என்பது அனுதாபம். அதில் நாம் மேலே நிற்கிறோம், அவர் கீழே கிடக்கிறார்.

1952-இல் ஹில்டகார்டு பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். நோயாளிக்கும் செவிலியருக்கும் உள்ள உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர் கருத்து. முதலில் இருவரும் அந்நியர்கள். பிறகு பிரச்சினை என்ன என்று சேர்ந்து பார்க்கிறார்கள். சேர்ந்து வேலை செய்கிறார்கள். முடிவில் நோயாளி தன் காலில் நிற்க, உறவு முறையாக முடிகிறது. நமக்கு வெர்னியர் எப்படியோ, அவர்களுக்குத் தங்கள் பேச்சும் மௌனமும் அப்படி.

மாமா மூன்று வாரம் வார்டில் இருந்தார். துணைக்கு நானும் அம்மாவும் மாறி மாறி இருந்தோம். வீட்டாரையும் சிகிச்சையில் சேர்ப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்குவார்கள். குளிக்கச் சொல்வது, இன்று என்ன கிழமை என்று நினைவூட்டுவது, மாத்திரையை விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பது, இதெல்லாம் சின்ன வேலை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது.

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். எட்டு மாதம் மாமா நன்றாக இருந்தார், வேலைக்கும் போனார். ஆனால் கை நடுங்கியது, ஷிப்டில் தூக்கம் வந்தது. "மாத்திரை போடாம பார்க்கட்டுமாடா?" என்று கேட்டார். எனக்குப் பரீட்சை நேரம். சரி மாமா என்றேன். இரண்டு மாதத்தில் குரல்கள் திரும்பி வந்தன. இந்த முறை வேலையும் போயிற்று.

நடுக்கமும் இறுக்கமும் சில மாத்திரைகளின் பக்கவிளைவு. அதற்கு மாற்று மாத்திரை உண்டு. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், சிலருக்கு மாதம் ஒரு ஊசியே போதும். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் சொல்லவில்லை. "மாத்திரை தின்னுதான் இப்படி ஆயிட்டான்" என்று ஊரில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சில் நானும் பாதி நம்பிக்கை வைத்திருந்தேன் போலும்.

நம்பிக்கையின் பெயரால் நடந்த கொடுமையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

இது ஹாஸ்டல் நண்பர்களுக்கு. அரியர் விழுந்த ஒருவன் சாப்பிடாமல், தூங்காமல், "இனி நான் எதுக்கு" என்று பேசினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கும். தோணுது என்றால் அவனைத் தனியே விடாதீர்கள், வார்டனிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எப்போதும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. யாரிடமும் சொல்லாதே என்று அவன் சத்தியம் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் அதை மீறலாம் என்பது என் கட்சி.

மாமாவுக்கு இப்போது வேறு மருந்து. நடுக்கம் குறைந்திருக்கிறது. பாகலூர் பக்கம் ஒரு நர்சரியில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை, பகல் மட்டும். அடுத்த மாத ரிவ்யூ அன்று எனக்கு போர்டு பிராக்டிகல் வருகிறது. தான் தனியாகவே போய் வருவதாகச் சொல்லி, ஓ.பி. சீட்டையும் மாத்திரைக் கவரையும் இப்போதே ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.