கர்ப்பப்பை இருக்கும் இடம்

1890-இல் உடல்நலம் குன்றிய தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார் ஐடா ஸ்கடர். இருபதை ஒட்டிய வயது. அப்பா ஜான் ஸ்கடர் அங்கே மிஷன் டாக்டர். ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். மருத்துவம் படிக்காத ஐடா, அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். அந்நிய ஆண் உள்ளே வரக்கூடாதென்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் தன்னை டாக்டராக்கியது என்று ஐடா பின்னாளில் சொன்னார். 1899-இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் அவர் தொடங்கிய பணிதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

டாக்டர் அதே ஊரில் இருந்தார். வெட்கமும் கட்டுப்பாடும் வாசலை அடைத்துக்கொண்டன. அந்த வெட்கத்தின் மிச்சம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பெண்ணின் உடலில் எது எங்கே இருக்கிறது என்பதை நாம் வாய்விட்டுப் பேசுவதே இல்லை.

பிரசவத்தையே எடுத்துக்கொள்வோம். இடுப்பெலும்பின் மேல்வாய் பக்கவாட்டில் அகலம், கீழ்வாய் முன்பின்னாக அகலம். அதனால் குழந்தை நேராக இறங்க முடியாது. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே நுழைந்து, நடுவழியில் தாயின் முதுகைப் பார்க்கத் திரும்பி, தலை வெளியே வந்ததும் தோள்களுக்காக மறுபடி திரும்புகிறது. சுமார் 9.5 சென்டிமீட்டர் அகலமுள்ள தலை, ஒன்றோடொன்று இன்னும் இணையாத மண்டையோட்டு எலும்புகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. இந்தத் திருப்பங்களில் ஒன்று தவறினாலும் பிரசவம் நின்றுபோகலாம். அப்போது தேவைப்படுவது தேர்ந்த கையும் அறுவை அரங்கும்.

இத்தனையும் நடத்துகிற கர்ப்பப்பை, கருவில்லாதபோது ஒரு கைமுட்டி அளவுதான். நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர், எடை 60 கிராம் அளவு. நிறைமாதத்தில் அதன் தசை மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல். இரைப்பை இருப்பது வெகு மேலே, தனியாக. "நிறைய சாப்பிடாதே, புள்ளைக்கு இடம் இருக்காது" என்று கர்ப்பிணியின் தட்டைப் பாதியாக்கும் பாட்டிகள் இதை அறிய வேண்டும். சோறும் பிள்ளையும் ஒரே பையில் கிடப்பதில்லை. தாய் வயிறாரச் சாப்பிடாவிட்டால் பிள்ளைதான் எடை குறைந்து பிறக்கும்.

கர்ப்பப்பையின் இருபுறமும் கருக்குழாய்கள், 10 முதல் 12 சென்டிமீட்டர். அவை சினைப்பையோடு ஒட்டியிருக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். முழுதும் ஒட்டியிருப்பதில்லை. முனையிலுள்ள விரல் போன்ற இழைகள் அசைந்து, வெளிவரும் முட்டையை வாரிக்கொள்கின்றன. வலது சினைப்பையின் முட்டையை இடது குழாய் வாங்கிக்கொள்வதும் உண்டு. ஒரு குழாயை எடுத்த பெண்ணும் கருத்தரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று என்னை எப்போதும் மலைக்க வைக்கும்: முட்டைகள் பெண் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. நம் ஒவ்வொருவரின் தொடக்கமும் அம்மாவைப் பெற்ற பாட்டியின் கர்ப்பப்பைக்குள் ஒருமுறை இருந்திருக்கிறது.

பயங்களுக்கு வருவோம். கருத்தடைக்காகக் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர்-டி நெஞ்சுக்கு ஏறாது. மிக அரிதாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து அடிவயிற்றுக்குள் போவதுண்டு. அதற்கு மேல் உதரவிதானம் குறுக்கே நிற்கிறது. வெள்ளைப்படுதலில் எலும்பு உருகி வருவதில்லை. அளவான வெள்ளை, உறுப்பு தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும் வழி. மாதவிடாயில் வருவது கெட்ட ரத்தமும் இல்லை, கருவுக்காகத் தயாரான உள்சவ்வும் அதோடு சேர்ந்த சாதாரண ரத்தமும்தான். அது வரும் வழி வேறு, சிறுநீர்த் துளை வேறு. இது தெரியாத பெரியவர்களே நிறைய. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பதும் வீண் பழி: கொடி சுற்றிய பிள்ளைகள் மிகச் சாதாரணம், பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.

கன்னிச்சவ்வு என்பது மூடிய திரை இல்லை, நெகிழும் விளிம்பு. பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் அதன் வடிவம் மாறும். அதைப் பார்த்து யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு, அப்படிச் சொல்ல முயன்று செய்யப்பட்ட இரு விரல் பரிசோதனையை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்துத் தடுத்தன. அறிவியல் எப்போதோ சொல்லிவிட்டது. சட்டம் அதைச் சொல்லத் தாமதித்தது.

மிக அதிகமாக வருத்துவது "ரெண்டு புள்ள பெத்தாச்சு, கர்ப்பப்பை இனி எதுக்கு" என்ற பேச்சு. தேவைப்படும் இடத்தில் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை உயிர் காக்கும், மறுக்கவில்லை. ஆனால் இளவயதில் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் விலை கொடுக்கின்றன. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் சிலருக்குச் சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிடலாம். கையெழுத்துப் போடும் முன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

வெள்ளை நாற்றமோ அரிப்போ தந்தால், மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்தும் ரத்தம் பட்டால், சூடு என்று சொல்லி மோர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். திண்டிவனம் பக்கம் இருப்பவர்கள் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்க் காட்டுங்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். மகளையும் கூட அழைத்துப் போங்கள்; கேள்வியை அவளே கேட்கட்டும்.